வெளிப்புறத்தில் இருந்தவர்

நெடுங்கண்டத்தில் மூன்று நாளாய் விடாத மழை.
ரெக்கார்டு அறையில் கோப்புகள் நமுத்து
அட்டையும் தாளும் ஒட்டிக் கிடக்கின்றன.
காப்பீட்டு அனுமதிக்கு மாலைக்குள்
பதினோரு பேருக்குக் குறியீடு போட வேண்டும்.
பதினொன்றும் ஒரே ஜீப்.
எதிரே வந்தது சுற்றுலா ஜீப்,
அதிலிருந்தவர்கள் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டு
கொச்சிக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் ரெஜியின் கையெழுத்தில்
எல்லாருக்கும் ஒரே வரி:
வண்டி மோதல், விழுந்தார்.
எங்கிருந்து விழுந்தார் என்று எழுத அவருக்கு நேரமில்லை.
ரத்தத்தை நிறுத்த நேரமிருந்தது. சரிதான்.
ஆனால் வி எண்பத்தாறு என்னைக் கேட்கிறது:
ஓட்டியவரா, பயணியா,
ஏறும்போதா, இறங்கும்போதா,
வெளிப்புறத்தில் இருந்தவரா?
தெரியவில்லை என்பதற்கும் ஓர் எண் உண்டு,
ஐந்து மணிக்கு மேல் எல்லாரும் போடுவது அதைத்தான்.

சாலையா, சாலை அல்லாததா என்றும் கேட்கிறது.
எஸ்டேட் மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்:
"கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம் மேடம், பஞ்சாயத்து ரோடு."
நான் அந்தக் கல்வெர்ட்டைப் பார்த்ததில்லை.
வேலை நேரமா என்ற கட்டத்துக்கும்
கேட்காமலே பதில் சொன்னார்:
எட்டு மணி சங்குக்கு அப்புறம்தான் வேலை,
மோதியது ஏழு இருபதுக்கு.

பெண்கள் வார்டு, ஆறாம் கட்டில்.
வீருசின்னம்மாள், நாற்பத்து மூன்று, தேவாரம்.
வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிவு.
இடது கை நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை.

வண்டியில எங்க இருந்தீங்க?
"வண்டியிலதான்."
உள்ளேயா?
"உள்ள பதினாலு பேரு தாயி.
நான் பின்படியில, சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு.
தூக்குவாளி மட்டும் உள்ள,
ராசாத்தியம்மா மடியில."

ஆக, தூக்குவாளி பயணி.
அவள் வெளிப்புறத்தில் இருந்தவர்.
எழுதிக்கொள்ளும்போது என் பேனா நின்றதைப் பார்த்துவிட்டாள்.
"அப்படி எழுதுனா காசு வராதா?"
எனக்குத் தெரியாது.
"அப்பன்னா உள்ளன்னே போட்டுரு.
ஒரு காலு உள்ளதான் இருந்துச்சு."

ஒரு காலுக்கு எண் இல்லை.

விளக்கம் கோரும் படிவத்தோடு டாக்டரிடம் போனேன்.
தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.
"என்ன எழுதணும், சொல்லு."
நான் சொல்லக்கூடாது டாக்டர், நீங்கதான் சொல்லணும்.
கொஞ்சம் முறைத்தார்.
பிறகு அவரே வார்டுக்குப் போய்
நின்றபடியே கேட்டு
நின்றபடியே எழுதினார்:
உள்ளே இடமில்லாததால்
பின்படியில் நிறுத்தி அழைத்து வரப்பட்டார்.
கையெழுத்து, நேரம், தேதி.

"இடமில்லாததால்" என்பதைப்
போட ஒரு கட்டம் தேடினேன்.
தேரை கடித்தால் எண் இருக்கிறது,
வாத்து கொத்தினால் இருக்கிறது.
இதற்கு இல்லை.
வெளிப்புறம் என்றே போட்டேன்.
டாக்டரின் வரியை நகலெடுத்து மேலே குத்தினேன்,
படிக்கிறவன் முதலில் அதைப் படிக்கட்டும் என்று.
சாலை பற்றிய கட்டத்தை, போலீஸ் மகஜர் வரும்வரை
காலியாக விட்டேன்.
மேனேஜர் மூன்றாம் முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

கடைசி எழுத்து ஏ. முதல் சிகிச்சை.
கட்டுப் பிரிக்க வரும்போது அது டி ஆகும்.
விரல் மடங்காமல்,
காய் கிள்ள முடியாமல் வந்தால் எஸ்.
அந்த எழுத்தைப் போடுவதற்குள்
நான் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

ஆறரைக்குக் கிளம்பும்போது வார்டு வழியே போனேன்.
யாரோ தூக்குவாளியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள்.
ஒரு நசுங்கல் இல்லை.
விடிகாலை மூன்று மணிக்குக் கிளறிய புளிச்சோறு உள்ளே.
கெட்டிருக்காது என்றாள்,
திறந்து தரச் சொன்னாள்.

மூடி இறுகியிருந்தது.
எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.