எதிர்வாதி

"உங்கள் எதிர்வாதி உங்களிடம் சம்பளம் வாங்குகிறாரா?"
சிவப்பு மையில் அவ்வளவுதான். பத்துக்கு நாலு.

உண்மைதான்.
மூன்றாம் பத்தியில் வருவார், ஒரு வரி முனகுவார்,
'ஆனால்' என்று நான் தொடங்கியதும்
விழுந்துவிடுவார்.

திருத்தி எழுத வெள்ளிவரை அவகாசம்.
தருமபுரி விடுதியில் கரண்ட் போன இரவு,
பைபாஸில் லாரிகள் கியர் மாற்றும் சத்தத்தில்
அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன்.
நல்ல வாக்கியங்களையெல்லாம் அவர் பக்கம் தள்ளினேன்.
எனக்கென்று ஒளித்துவைத்திருந்த உதாரணத்தையும்.

தலைப்பு: பொய் எந்நிலையிலும் தவறே.

இரண்டு மணிக்குத் தலைநிமிர்ந்தார்.
பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில்
உன் அப்பா எல்லாரிடமும் சொல்கிறாரே,
'அம்சவேணி பி.காம். படிக்குது, அடுத்தது பேங்க்தான்' என்று.
அது எத்தனையாவது பத்தி?

'ஆனால்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'ஆயினும்.'
அதையும்.

சொல் வரம்பில் இன்னும் நாற்பது பாக்கி.
காலையில் அப்படியே பின் அடித்துக் கொடுத்தேன்,
முடிவுரை இல்லாமல்.

படியிறங்கும்போது அப்பாவின் போன்:
"பேப்பர் குடுத்துட்டியா கண்ணு? கணக்கு டேலி ஆச்சா?"

நாப்பது இடிக்குதுப்பா, என்றேன்.