விழுந்தவனே அடிக்க வேணும்

ஐஸ் பெட்டிக்கு மேல்
உப்புப் பேணியில் சாய்த்து வைத்த போனில்
நாற்பது நாடுகள்.
மல்யுத்தம் முடிந்தது, கைப்பந்து முடிந்தது,
இப்போது மணலில் உதைபந்து.
கள்ளப்பாட்டு வாடியில் பதினேழு தலைகள்
உள்ளங்கை அகலத் திரைக்கு முண்டியடிக்க,
"தள்ளி நில்லுங்கோடா, மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குது"
என்கிறாள் புஸ்பகாந்தி,
கணக்குக் கொப்பியால் விசிறியபடி.

நாலாம் இலக்கம், ஜெனிஸ்ரன்.
சட்டை முதுகில் பெயர் கொள்ளாமல்
கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டார்கள்.
வர்ணனைக்காரர் மிச்சத்தையும் கடித்துத் தின்கிறார்.
ஆனாலும் அந்தக் காலை எங்களுக்குத் தெரியும்:
இடது பெருவிரலில் நகம் இல்லை,
நங்கூரம் விழுந்த வருசத்தோடு போனது.

முதல் பன்னிரண்டு நிமிசத்தில் ஐந்து வாங்கினோம்.
வாங்கினோம் என்றுதான் சொன்னோம்,
வாங்கினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.
மடுத்தீன் அண்ணை எழும்பிப் போய்
பீடி பற்றவைத்துத் திரும்ப, ஆறு.

போன கிழமை எடுத்துச் சொன்னான்:
"மச்சான், இஞ்ச மணலுக்குத் தண்ணி அடிக்கிறாங்கள்,
கால் சுடாமல் இருக்க.
மூண்டு தரம் அரிச்ச மணலாம்,
சீனி மாதிரி. ஒரு சிப்பி இல்லை."
நான் சிரித்தேன்.
இங்கே சோளகம் அடிக்கிற நாலு மணிக்கு
கரைவலைக் கம்பு நாலை நட்டால் கோல்.
வலைக்குப் பஞ்சமில்லை.
அடித்த பந்தை எடுக்கப் போனால்
காய்ந்த நெத்தலியும் கையோடு வரும்.

ஆட முதல்
ஐந்து பேரும் தோளோடு தோள் வரிசை கட்டி
கம்பில் இருந்து கம்பு வரை
குனிந்த தலையோடு நடப்போம்.
மட்டிச் சிப்பி, போத்தல் ஓடு, தூண்டில் முள்.
ஒருமுறை அரைவாசிச் செருப்பு, சின்னப் பிள்ளையின்ரை.
ஒருமுறை துருப்பிடித்த ஒன்று.
ஜெனிஸ்ரன் கையை உயர்த்தினான்.
வந்த அடிச்சுவட்டிலேயே அடி வைத்து
எல்லோரும் திரும்பி வந்தோம்.
அன்று ஆட்டம் இல்லை. ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள்.
மறுநாள் இருபது கவடு வடக்கே கம்பை நட்டோம்.
அந்தப் பக்கம் காற்று நல்லது என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் பகுதி. ஒன்பதுக்கு இரண்டு.
அந்த இரண்டுக்கும் தட்டித் தட்டியே
ஒரு தகரப் பீப்பா நெளிந்துபோயிருந்தது.
பந்தை நெஞ்சில் ஏந்தித் திரும்பியவனை
பின்னால் இருந்து வெட்டினான் ஒரு நெடுவல்.
முகம் மணலில்.

இந்த விளையாட்டில் ஒரு சட்டம்:
விழுந்தவனே எழுந்து அடிக்க வேணும்.
அவனுக்காக வேறொருவன் அடிக்க ஏலாது.
முன்னால் சுவர் கட்டி ஒருவரும் நிற்கவும் ஏலாது.
கோலில் ஒரு காவலாளி,
நடுவில் வெறும் வெளி.

எழுந்தான். துப்பினான்.
குதிக்காலால் மணலைக் கூட்டி
ஒரு சின்னக் கும்பி,
அதன் உச்சியில் முட்டை வைக்கிற மாதிரிப் பந்தை வைத்து
பின்னால் நடந்தான், ஒன்று, இரண்டு, மூன்று,

வட்டம்.
திரையில் சுற்றுகிற வட்டம்.
முல்லைத்தீவுக் கோபுரத்துக்கு
நித்திரை கொள்ள இந்த நேரந்தான் கிடைத்தது.
மடுத்தீன் அண்ணை போனைப் பறித்துக்கொண்டு
பீப்பாவில் ஏறினார், மீன் தட்டில் ஏறினார்,
முழங்கால் வரை கடலுக்குள்ளும் இறங்கினார்.
அதற்குள் எலியாசின் படகு கரை தட்டிவிட்டது, கும்பிளா.
ஐஸ் உடைக்க வேணும்.
மீன் பொறுக்காது.

இரவு பதினொன்றுக்கு அவன் குரல் வந்தது.
அடித்தாயா என்று ஏழுதரம் எழுதிக் கேட்டிருந்தேன்,
அதற்கு மறுமொழி இல்லை.

"ஒரு பகிடி மச்சான்.
ஆட்டம் துவங்க முதல், பழக்கத்தில,
கோலில இருந்து கோல் மட்டும்
குனிஞ்சு பாத்துக்கொண்டு நடந்திட்டன். தனிய.
ரெஃபரி ஓடி வந்தான்.
என்ன தொலைச்சனி எண்டு கையால கேட்டான்.
நானும் கையாலயே சொன்னன்,
ரெண்டையும் விரிச்சு."