நாற்பத்தோராவது கதிரை

கதிரை வாடகைக்குக் குடுக்கிறவன் நான்.
ஆரையம்பதி. லொறி ஒண்டு, கதிரை அறுநூறு.
செத்த வீடு, சாமத்திய வீடு, கட்சிக் கூட்டம்
எல்லாத்துக்கும் இதே கதிரைதான்.
அழுதவன்ர உப்பையும் சிரிச்சவன்ர சர்பத்தையும்
ஒரே வாளித் தண்ணியில கழுவுறன்.

கல்லடியில பூட்டிக் கிடந்த ஐஸ் பெக்டரிக்குள்ள
கண்காட்சி எண்டு வேணுஜா கேட்டா.
நாற்பத்தொரு கதிரை, ஐஞ்சு நாள்.
"படம் எங்க பிள்ளை?"
"கதிரைதான் படம்."
நான் கதைக்கல்ல. வாடகை வாடகைதானே.

நாற்பதை வரிசையா வெச்சு
ஒண்டைத் தனியா முன்னுக்கு இழுத்து
அதின்ர முதுகில ஒரு வெள்ளைத் துவாயை விரிச்சா.
வேலை முடிஞ்சுதாம்.
கயிறு கட்டல்ல. தொடாதீர் எண்டு எழுதல்ல.

முதல் நாளே நாற்பதும் நிரம்பிச்சு.
மிச்சச் சனம் சுவரோட ஒட்டி நிண்டது.
வயித்துப் பிள்ளையோட ஒருத்தி
கால் மாத்தி மாத்தி நிண்டாள்.
துவாய்க் கதிரையைச் சுத்தி
ஓராள் அகலத்துக்கு வெறும் நிலம்.
நான் காசு குடுத்து வாங்கின கதிரை அது.
நானும் இருக்கல்ல.

மூண்டாம் நாள் செயலாளர் ஐயா வந்தார்.
பியோன் முந்தி ஓடிப்போய்
துவாயின்ர சுருக்கத்தை நீவிவிட்டான்.
ஐயா வந்தார், திரும்பினார், இருந்தார்.
பின்னுக்குப் பார்க்கல்ல.
கதிரை அங்க இருக்கும் எண்டு
அவர்ர முதுகுக்குத் தெரிஞ்சிருந்தது.
பிறகு கேட்டார்:
"சரி, கண்காட்சி எங்க?"

ஒரு சத்தமில்ல.
வேணுஜா கொப்பியில நேரம் குறிச்சா, பத்து இருபது.
சோடா வந்தது.
பத்து ஐம்பத்தைஞ்சுக்கு எழும்பினார்.
துவாயில வேர்வை, ஒரு முதுகின்ர அளவில.
என்ர முதுகின்ர அளவும் அதுதான்.

ஞாயிறு லொறியில ஏத்தினம்.
துவாயை எடுத்த பிறகு
எது அந்தக் கதிரை எண்டு எனக்கே தெரியாது.
ஆனாலும் ஒண்டை, அதுதான் எண்டு நினைச்சதை,
அடுக்கின்ர உச்சியில வெச்சன்.
ஏன் எண்டு கேக்காதீங்க.

மேல இருந்ததுதானே முதல்ல இறங்கும்.
செட்டிபாளையத்தில செத்த வீடு.
இறக்கி வைக்க முதலே
மீன்கார மயில்வாகனம், நனைஞ்ச சாரனோட,
அதில குந்திக்கொண்டு
வெத்திலைக்குக் கை நீட்டினார்.

என்ர கை கொஞ்சம் எழும்பினது.
தடுக்கவோ, தட்டோட வெத்திலையைக் குடுக்கவோ,
தெரியல்ல.
அதை இறக்கிப்போட்டு
எண்ணத் தொடங்கினன்:

ஒண்டு.