கரைக் கடிகாரம்

ஒன்ஃப்ளூரைக் காட்டிக் கூட்டிவர
கப்பல்காரர்கள் ஆளுக்கு நூற்று முப்பது யூரோ கேட்டார்கள்,
மதியச் சாப்பாடு தனி.
அண்ணன் ஊர்ப் பேருந்தில் போகத் திட்டம் போட்டிருந்தான்.
மின்வாரியத்தில் முப்பது வருஷம் கணக்கு பார்த்தவன்,
சில்லறையில் முடிகிற ஊருக்கு நோட்டு நீட்ட மாட்டான்.

போன வருஷத்து டைரி. பிப்ரவரிப் பக்கம்.
பிப்ரவரியில் இருந்தான்.
ஏப்ரலில் அவன் பெயரை அடித்து
என் பெயரில் டிக்கெட்டை மாற்றினார்கள்,
மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு.

லெ ஹாவ்ர் என்று மேலே எழுதி இரண்டு கோடு.
கீழே:
8.30 இறங்கல். வாசல்வரை ஷட்டில், நடக்க வேண்டாம்.
9.15 பேருந்து. வலது ஜன்னல்.
பாலத்தில் ஏறும்போது ஆறு கடலில் சேர்வது தெரியும்.
தேவாலயம் 15 நிமிடம்.
அம்சா செருப்பு 10 நிமிடம்.
4.00 திரும்பும் பேருந்து. விடாதே.
5.30க்குள் கப்பல். கப்பல் காத்திருக்காது.

அண்ணி அதில் ஒரு வரியை மட்டும்
விரலால் தொட்டுப் பார்த்தாள்.
எந்த வரி என்று சொல்ல வேண்டியதில்லை.

வலது ஜன்னலில் உட்கார்ந்தோம்.
பாலம் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது,
கீழே சேற்று நிறத்தில் ஆறு
அவசரமில்லாமல் கடலாகிக்கொண்டிருந்தது.

மரத்தால் கட்டிய தேவாலயம்.
கப்பல் தச்சர்கள் கட்டியதாம்;
நிமிர்ந்தால் கூரை
கவிழ்த்துப் போட்ட இரண்டு தோணி.
அண்ணி அதன் அடியில் உட்கார்ந்துவிட்டாள்.
பதினைந்து நிமிடம் ஆச்சு என்றேன்.
பதினெட்டு என்றேன்.
மூழ்கினவங்களுக்கு இப்படித்தான் தெரியுமோ என்றாள்.
நான் பதில் சொல்லவில்லை,
மணியைத்தான் சொன்னேன், இருபத்தொன்று.

குட்டித் துறையைச் சுற்றி
ஒல்லி ஒல்லியாக வீடுகள், தோளோடு தோள்,
ரேஷன் கடை வரிசைபோல.
கோடு போட்ட சட்டை விற்கிற கடையில்
அவள் ஒன்றை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தாள்.
மூன்று ஐம்பது. பிடுங்கி மாட்டிவிட்டு
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.
நான்கு மணிப் பேருந்து எங்களுக்காக
நான்கு ஐந்துக்கு வந்தது.
லெ ஹாவ்ரில் இறங்கி மறுபடி ஓட்டம்.
ஷட்டிலில் ஏறியும் நான் உட்காரவில்லை,
நின்றால் சீக்கிரம் போய்விடும்போல.

வாசலில் இருந்த காவல்காரர்
எங்கள் மூச்சிரைப்பைப் பார்த்துச் சிரித்தார்.
என் போனில் ஐந்து பத்து.
அவர் சுவரைக் காட்டினார். கப்பலின் கடிகாரம்.
நான்கு பத்து.

திட்டுவதற்கு ஆள் இல்லாமல்
டைரியைப் புரட்டினேன்.
மறுபக்கம், பென்சிலில், பொடி எழுத்தில்:
கப்பல் இங்கிலாந்து நேரத்தை மாற்றாது.
கரையில் உண்மையில் 6.30 வரை இருக்கலாம்.
அம்சாவிடம் சொல்லாதே.

மறைக்கத்தான் நினைத்தேன்.
அவள் அதற்குள் தோள்வழியாகப் படித்துவிட்டாள்.

அழுவாள் என்று கைக்குட்டையைத் தேடினேன்.
தெரியும் என்றாள்.
ஏழு மணி முகூர்த்தத்தை ஆறு என்பார்,
எல்லாக் கல்யாணத்துக்கும்.
அதனால்தான் நானும்
ஒரு மணி நேரம் தாமதமாகவே கிளம்புவேன்.

அப்படியானால் இத்தனை வருஷமும்
இருவரும் சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறார்கள்,
சண்டை போட்டுக்கொண்டே.

கப்பலுக்குள் போகவில்லை.
வாசலுக்கு வெளியே ஒரு சிமென்ட் திண்டு,
காற்றில் டீசலும் உப்பும்.
ஆப்பிள் பணியாரம் மாதிரி எதையோ வாங்கியிருந்தேன்,
ஓட்டத்தில் நசுங்கியிருந்தது, பிட்டுத் தின்றோம்.
மேல்தளத்திலிருந்து யாரோ எங்களுக்கு
அவசரம் அவசரமாகக் கையசைத்தார்கள்.

அண்ணி செருப்பைக் கழற்றிப்
பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.
பத்து நிமிடம் என்றாள்.