ஒரு விளக்கு கூடுதல்

போன ஆடியில் என் கேமராவைக் கொன்றது
கேமராவின் குறை இல்லை, கால்.
ஆயிரத்து இருநூறு ரூபாய் ட்ரைபாட்.
குந்துகால் மேட்டில் கச்சான் ஒரு தட்டுத் தட்டியது.
உப்புத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தது
இரண்டு வருடக் கல்யாணத்துக் காசு.

கீழக்கரையில் பெண்கள் பக்கம் படமெடுக்க
என்னை விட்டால் ஆளில்லை.
முன்பணம் வாங்கிய நிக்காஹ் மூன்று நிற்கிறது.
மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

புதுசு இரண்டே முக்கால் லட்சம்.
அதே பெட்டி, கழுவித் துடைத்தது, தொண்ணூறாயிரம்.
"ரீஃபர்பிஷ்டு அக்கா, செகண்ட் ஹேண்ட் இல்லை" என்றார் கடைக்காரர்.
துபாயில் வேலை போய்த் திரும்பியவரை
"லீவில் வந்திருக்கார்" என்போமே,
அந்த மாதிரிச் சொல் என்று வைத்துக்கொண்டேன்.

லென்சை டார்ச்சுக்கு எதிரே திருப்பினேன்:
பூஞ்சை நூல் ஓடவில்லை.
காதோரம் வைத்து வளையத்தைச் சுழற்றினேன்:
மணல் நறநறக்கவில்லை.
திருகாணித் தலையில் கீறல் இல்லை.
ஷட்டர் அறுபத்திரண்டாயிரம் முறை இமைத்திருந்தது,
அது யார் முகங்களைப் பார்த்து என்று கேட்கவில்லை.
ஆறு மாத வாரண்டி, சீல் வைத்த சீட்டு.

காலை மட்டும் புதுசாக வாங்கினேன்.
கார்பன் கால் ஒன்றை நீட்டி, "ஒரு விரலில் தூக்கலாம்" என்றார்.
ஒரு விரலில் தூக்குவதைக் காற்று சும்மா விடுமா?
நாலரைக் கிலோ அலுமினியம்,
திருகும் பூட்டு வேண்டாம், மணல் தின்னும், கிளிப் வைத்தது,
நடுவில் கல் தொங்கவிட ஒரு கொக்கி.
ராமநாதபுரம் வண்டியில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்.

ஒன்றே ஒன்றைப் பார்க்க மறந்தேன்.

கார்த்திகைக் கடைசி, ஐஸ் கம்பெனி காலண்டருக்கு
ராத்திரிக் கடல் கேட்டார்கள்.
வாடைக் காற்று. கொக்கியில் நங்கூரக் கல்.
கால் அசையவில்லை.
முப்பது விநாடி திறந்து வைத்தேன்;
இருட்டுக்குள் வள்ளங்களின் விளக்கு புள்ளி புள்ளியாக வந்தது.
கீழ்த்திசை ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பு, தனியாக.
படமே அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் தெற்குவாடியில்
எமல்டா என் போனை வாங்கி விரலால் விரித்தாள்.
தம்பி பிரின்ஸ்டனின் வள்ளம் இரண்டு நாளாய்க் காணவில்லை.
"முந்தாநாள் போனது எட்டு. நேற்று ஏழுதான் நின்றது.
இதில் எட்டு இருக்கே அக்கா?"
அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.
கீழ்த்திசை என்று சொல்லி
ஆட்கள் டீசல் கேன் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டில், ஏனென்று தெரியாமல்,
லென்ஸ் மூடியைப் போட்டு முப்பது விநாடி வைத்தேன்.
கடல் இல்லை, வானம் இல்லை, மூடியின் கறுப்பு.
அதே ஓரத்தில் அதே சிவப்பு.

திரும்பிப் போனேன். அவள் வாசலில் காலை விரித்து நிறுத்தி
மூடியைப் போட்டு அவளையே அழுத்தச் சொன்னேன்.
இரண்டு பேரும் முப்பது வரை எண்ணினோம்.
"அப்ப இது உங்க பெட்டிக்குள்ள எரியுறது" என்றாள்.
ஆமாம் என்றேன்.
தேடப் போனவர்களுக்கு அவளே போன் போட்டாள்.

இன்ஜின் நின்ற வள்ளத்தை வாடை மேற்கே தள்ளி
மூன்றாம் நாள் வாலிநோக்கத்தில் ஒதுக்கியது.
நேர் எதிர்த்திசை.
பிரின்ஸ்டன் உதடு வெடித்து, உயிரோடு வந்தான்.
நான் போய்ப் பார்க்கவில்லை; எந்த முகத்தோடு?

வாரண்டியில் சரி செய்து கொடுத்தார்கள்.
பத்து நிமிட வேலை, பணம் கேட்கவில்லை.
இப்போது பழைய கேமரா வாங்கக் கேட்பவர்களிடம்
மற்றதெல்லாம் பிறகு, முதலில் மூடியைப் போட்டு
இருட்டை ஒரு படம் எடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

தை மாதம் பாம்பன் சந்தையில் எமல்டா கேட்டாள்:
"அந்த விளக்கு போச்சா?"
போச்சு என்றேன்.
"ம்" என்று சொல்லி
கூறு கட்டிய நகரையில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டாள்.