எழுநூறு கிராம்

அனுமதிப் பத்திரம் பதினான்கு மாதம் கழித்து வந்தது.
அம்பாறையிலிருந்து சிறிபாலவும் வந்தார்,
ஓய்வுபெற்ற சார்ஜன்ட்.
களத்தில் காய்ந்த நெல்லை மிதிக்காமல்
ஓரமாய் நடந்து வந்து
மில் மேசையில் மூன்று படம் பரப்பினார்,
பெண்ணுக்கு மாப்பிள்ளை காட்டுகிறவர்போல.

"இது சின்னது. ஒளிக்க லேசு.
ஆனா சின்னதுதான் கூட உதைக்கும், நோனா.
இது பெரிசு. உதை குறைவு, மறைக்க ஏலாது.
நடுவில உள்ளது எழுநூறு கிராம் வரும்.
பாரம் எண்டு வீட்டில வெச்சிட்டுப் போனா
அது இல்லாத மாதிரித்தான்."

கையை விரிக்கச் சொன்னார்.
விரல் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.
மேல்தகட்டை இழுக்க இந்தக் கை போதுமா என்றார்.
மூட்டைக்குக் கொக்கி போட்ட கை.
நான் சொல்லவில்லை.

போன போகத்துக் காசு
மாவடிப்பள்ளிப் பாலத்தில் போனது.
இரண்டு ஹெல்மெட், ஒரு நெல்வெட்டுக் கத்தி.
பையைப் பறித்தவன்
"மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா" என்றான்.
கத்தி மறந்துவிட்டது.
ராத்தா என்றவன் யாரென்று
சம்மாந்துறையில் ஒவ்வொரு குரலையும்
இன்னமும் உரசிப் பார்க்கிறேன்.

ஞாயிறு இரவு
குருணல் விற்கும் தட்டுத் தராசிலிருந்து
அரைக்கிலோப் படியையும் இருநூறு கிராம் படியையும் எடுத்தேன்.
சாக்குத் துணியில் பை தைத்து
அபாயாவுக்குள் வலது இடுப்பில் கட்டினேன்.

திங்கள், குனிந்தால் விலாவில் குத்தியது.
ருகூவில் முன்னால் சரிந்தது.
செவ்வாய், ஸ்கூட்டியில் ஏறும்போது
இருக்கையில் தட்டி ஓசை எழுப்பியது.
இடத்தை நான்கு விரல் பின்னுக்குத் தள்ளினேன்.
புதன், மறந்துபோனேன்.
மறந்ததை நினைத்துத்தான் பயந்தேன்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு
இந்தக் கறுப்புத் துணிக்குள் என்ன இருக்கிறதென்று
எத்தனை கண், எத்தனை கை.
அப்போது ஒன்றும் இருக்கவில்லை,
வியர்வை, சாவிக்கொத்து, மகளின் இன்ஹேலர்.
இப்போது இரும்போடு போகிறேன்.
வங்கிக் காவலாளி கதவைத் திறந்து பிடிக்கிறார்,
"வாங்க மேடம்."

குருணல் விற்பது வியாழனில்.
தராசடியில் மீராலெப்பை சத்தம் போட்டார்.
"சனிக்கிழம இரிந்த படி இண்டைக்கு எங்க?"
வேலைக்கு வந்து பதினொரு நாளான
வீரமுனைப் பொடியன் கஜரூபனைப் பிடித்து
சாறத்தை உதறிக் காட்டச் சொன்னார்.
உதறினான்.
ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று,
உறை பிரிக்காத தோடம்பழ இனிப்பு ஒன்று.
"மறுகா எங்க ஒளிச்ச? இரும்புக் கடையிலயா?"

நான் எட்டடி தூரத்தில் நின்றேன்.
என் உடல் சூட்டை உடுத்து
இரண்டு படியும் இடுப்பில் இருந்தன.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால் எடுக்க வேண்டும்,
எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்,
நாளைக்கு நான் எதை எங்கே வைத்திருப்பேன் என்று
மஃரிபுக்குள் ஊர் முழுக்கத் தெரியும்,
ராத்தா என்றவனுக்கும் தெரியும்.
கணக்குப் பார்த்தேன்.
கணக்கில் பிழையில்லை.

அவன் என்னைத்தான் பார்த்தான், கெஞ்சாமல்.
பிறகு சைக்கிளில் ஏறாமல்
கேற்றடிவரை உருட்டிக்கொண்டே போனான்.

அன்றிரவே படிகளைத் தராசில் வைத்துவிட்டேன்.
காலையில் மீராலெப்பை ஓடி வந்தார்,
முகமெல்லாம் வெற்றி.
"பாத்தீங்களா ராத்தா?
பயத்தில ராவோட ராவா
கொண்டாந்து வெச்சிட்டுப் போயிரிக்கான்."

பதினொரு நாள் கூலி
கடித உறைக்குள், லாச்சியில் கிடக்கிறது.
வீரமுனை மூன்று கட்டைதான்.
ஸ்கூட்டிக்கு எண்ணெயும் இருக்கிறது.

பின்னேரம் சிறிபால அழைத்தார்.
எது என்று கேட்டார்.
நடுவில் உள்ளது என்றேன்.
"பாரம் பழகிட்டா, நோனா?"

பழகிட்டு என்றேன்.