பதினொரு சோடா

பத்து நாளுக்கு நான் அவர்களின் நாக்கு.
நாளுக்கு மூவாயிரம், மத்தியானச் சாப்பாடு,
முதுகில் சிலுவை அச்சடித்த மஞ்சள் பெனியன் ஒன்று.
சல்லிக் கரையில் வான் நின்றதும்
வெயில் கிறீமின் வாசம் முதலில் இறங்கியது,
பிறகு பதினொரு பேர்.

பாலர் பாடசாலைச் சுவருக்கு நீலம் அடிக்க வந்திருந்தார்கள்.
சுரண்டச் சுரண்டப்
போன வருசத்து மஞ்சள் உதிர்ந்தது,
அதற்குக் கீழே கொரியாக்காரரின் பச்சை,
அதற்கும் கீழே
சுனாமிக்குப் பிறகு வந்த யாரோ பூசிய ரோசா.
"எவ்வளவு வடிவான சுவர்" என்றாள் ஹானா.
றஜீத்தா ரீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னா:
"சுவர் தடிச்சுக்கொண்டு போகுது,
கூரைதான் ஒழுகுது. சொல்லுங்கோ அவையளுக்கு."
நான் சொன்னேன்:
ரீச்சருக்கு நல்ல சந்தோசமாம்.

இப்படித்தான் தொடங்கினது.

மாலை ஜெபத்தில் டெரெக் சொன்ன ஒரு சொல்லுக்கு
வாயில் தமிழ் வரவில்லை.
பிரசங்கத் தமிழைப் பிடித்திழுத்து
"நொறுங்குண்டவர்களே" என்றேன்.
பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள்.
"ஆர் நொறுங்கினது? குமாரசூரியற்ர வள்ளமோ?"
டெரெக்கும் சிரித்தான், ஏனென்று தெரியாமல்.
கண்ணை மூடியபோது
அவன் இமையில் நீலத் துளி ஒன்று காய்ந்திருந்தது.

ஐந்தாம் நாள் சீவரத்தினம் விருந்துக்குக் கூப்பிட்டா.
நிலவு காலம், ஒரு கிழமையாய் வலையில் ஒன்றும் படவில்லை.
கடற்காரன் வீட்டில் காசுக்கு மீன்.
அம்மன் கோயில் களஞ்சியத்திலிருந்து பதினொரு கதிரை,
ஒவ்வொன்றின் முதுகிலும் உபயகாரர் பெயர்.
நசீர் கடைக் கொப்பியில் எழுதிவைத்து
பதினொரு சோடா.

"இது எங்கட வழமையான சாப்பாடு எண்டு சொல்லு."
சொன்னேன்.
லோயிஸ் என்கிற நரைத்த தாதி
கணவாயைக் கையில் வைத்தபடி அழுதா:
இல்லாதவர்கள் இவ்வளவு தருகிறார்களே என்று.
"ஏன் அழுறா? உறைப்போ?"
ஓம் அக்கா, உறைப்பு.
சீவரத்தினம் ஓடிப்போய் வாழைப்பழம் கொண்டுவந்தா.

அன்றைக்குப் பின்னேரம்
கதிராமத்தம்பியின் சீனிப் புண்ணை யாரோ காட்டினார்கள்.
லோயிஸ் மண்ணில் சப்பாணி கட்டி இருந்து
அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தா.
உப்புத் தண்ணீர், இடுக்கி, பஞ்சு.
எறும்பு ஒவ்வொன்றாய் வெளியே வந்தது.
முக்கால் மணித்தியாலம் ஒருவரும் கதைக்கவில்லை.
நான் வேலையில்லாமல் நின்றேன்.
அவர் கோணேசர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அங்கே விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன.
கடைசியில் சொன்னார்: "கை குளிர்ச்சி."
ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் ஒளிக்காமல்
அதை அப்படியே கொடுத்தேன்.
அந்தப் பத்து நாளில் அது ஒன்றைத்தான்.

பத்தாம் நாள் வரைக்கும் லோயிஸ் அந்தப் புண்ணுக்கு வந்தா.
போகும்போது இடுக்கியையும்
ஆறு சுருள் துணியையும் என் கையில் வைத்தா.
எனக்கு இரத்தம் கண்டால் தலை சுற்றும்.
அதை எந்த மொழியிலும் சொல்லவில்லை.

சம்பளம் கிடைத்ததும் நசீர் கடைக்குப் போனேன்.
"சோடாக் கணக்கை ஆரிட்டயும் வாங்கக்கூடாதாம்,
அந்த மனிசி சொல்லிவைச்சிருக்கு" என்றார்,
கொப்பியை மூடாமலே.
அவ என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.
மிச்சமிருந்த அரை வாளி நீலம்
குமாரசூரியரின் வள்ளத்துக்குப் போனது.

ஹானா படம் அனுப்பியிருக்கிறாள்:
சுவர், பிள்ளைகள், நீலக் கைகள்.
கூரை படத்துக்குள் அகப்படவில்லை.
நேற்று இரவு மழை.
ரீச்சர் சொன்னதை இங்கிலீசில் எழுதி வைத்திருக்கிறேன்.
இன்னும் அனுப்பவில்லை.

துணி இன்னும் ஒரு சுருள்தான்.
ஆஸ்பத்திரிக்கு வாருங்கோ என்றால்
பஸ்ஸில் கால் வீங்கும் என்கிறார் கதிராமத்தம்பி.
என் மடியில் காலை நீட்டிவிட்டு
முகத்தைச் சுளிக்கிறார்:
"உன்ர கை சுடுது பிள்ளை.
பரவாயில்லை.
நடுங்காமல் பிடி."